கத்தரிக்கோல் ஒட்டிய காந்தம்

விதைச் சோதனைக்கூடத்தில் மூன்று பேர் இருந்தார்கள்: மேனேஜர், உப்பிலும் விதையை முளைக்க வைக்கும் என்று சொல்லிக் காந்தப் பெட்டி விற்க வந்தவர், அதற்கான சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டிய அக்கா.

"உப்புத் தண்ணியில நூத்துக்குத் தொண்ணூறு முளைச்சிருக்கு! எல்லாம் எங்க பெட்டிக்குள்ள வச்ச விதைம்மா!" தட்டைக் காட்டிப் பூரித்தார் வந்தவர்.

"கையெழுத்தைப் போடும்மா. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராத," என்றார் மேனேஜர்.

அக்கா டிராயரிலிருந்து ஒரு கறுப்புக் கட்டியை எடுத்து நீட்டினாள். அதில் கத்தரிக்கோல் ஒட்டிக்கொண்டு தொங்கியது.

"உங்க பெட்டியோட காந்தம். இதைக் கழட்டிட்டுத்தான் அந்த விதையை உள்ள வச்சேன். காந்தத்தோட வச்சதும் இதே அளவுதான் முளைச்சுது. விதை நல்ல விதை, அவ்வளவுதான். உப்பு நிலத்துக்காரன் தலையில இந்தப் பெட்டியைக் கட்ட நான் கையெழுத்துப் போட மாட்டேன். வேலையை விட்டு நிறுத்துறதுன்னா எழுதிக் கொடுங்க சார். இப்ப ரெண்டு பேரும் கிளம்புங்க, இன்னும் ஆறு தட்டு எண்ணணும்."

இருவரும் வெளியேறியதும் கதவைச் சாத்தி உள்ளே தாழிட்டாள்.