இன்று வகுப்பு இல்லை

"பிரெஞ்சு வகுப்புக்குப் போகவிடாம பிள்ளையைப் பாத்துக்கச் சொன்னாளா அந்த வீட்டுக்காரி? அப்படி என்னடி அவளுக்குத் தலைபோற வேலை?"

பிரான்சில், லியோன் நகரில் ஒரு குடும்பத்தோடு தங்கி, அவர்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் மகள் வீப்கே போனில் விசும்பினாள்.

"யோகாவாம்மா."

ஜெர்மனியில், ஹாம்பர்க்கிலிருந்த அம்மா ஹைக்கேவுக்கு ரத்தம் கொதித்தது. "த்தூ. கேட்டா என்ன சொல்றா?"

"நீ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரிங்கறா."

"வேலை வாங்கத்தான் அந்தப் பேச்சு. வெக்கங்கெட்டவ. நாளைக்கே கிளம்பி வா."

நியாயம் பேசிக் களைத்த ஹைக்கே போனை வைத்தாள். அவள் வீட்டுக் கீழ்த்தளத்தில் தங்கிச் சின்ன மகனைப் பார்த்துக்கொள்ளும் ஜார்ஜியா நாட்டுப் பெண் தமுனா, பையை மாட்டிக்கொண்டு ஏற்கெனவே அறை வாசலில் நின்றிருந்தாள்.

"ஜெர்மன் வகுப்பா? இன்னைக்கு வேண்டாம். சின்னவனைப் பாத்துக்கோ, எனக்கு நீச்சல் இருக்கு. முகத்தை ஏன் தூக்கி வச்சுக்கறே? நீ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி."

தமுனா பையைக் கழற்றவில்லை.

"அப்ப போன்ல பொண்ணுக்குச் சொன்ன புத்திதானே எனக்கும்? நாளைக்கே கிளம்பறேன்."