ஆயிரம் வருஷத்து 'உடனே'

"வாசல்ல ஐயாவு நிக்கறார்" என்றாள் மனைவி பர்வதம்.

பஞ்சாபகேசன் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இதோ வந்துட்டேன்னு சொல்லு."

ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர். சாயங்காலம் ஆன்லைனில் பேச்சு. 'சூன்' (soon) என்ற ஒற்றை ஆங்கிலச் சொல்லின் பூர்வீகத்தைத் தோண்டிக்கொண்டிருந்தார். குத்தகைக்காரர் ஐயாவு இந்த நேரம் பார்த்துத்தானா வரவேண்டும்?

"நெல்லு ரோட்டுல கொட்டிக் கிடக்காம். நிலத்துக்காரர் கையெழுத்து இருந்தாத்தான் கொள்முதல் நிலையத்துல உள்ளே விடுவாளாம். நனைஞ்சா எடுத்துக்க மாட்டாளாம். மேற்கே கறுத்துண்டு வரது."

"கையெழுத்து எங்கே ஓடிப் போயிடப் போறது? அஞ்சு நிமிஷம் உட்காரச் சொல்லு."

பர்வதம் வாசலுக்குப் போனாள். திரும்பி வந்தாள். "உட்கார மாட்டேங்கறார். வானத்தையே பார்த்துண்டு நிக்கறார்."

"இதைக் கேளேன். இன்னிக்கு 'சூன்'னா அப்புறம், பார்க்கலாம்னு ஆயிடுத்து. ஆயிரம் வருஷம் முன்னாடி பழைய இங்கிலீஷ்ல அது 'சோனா'. அர்த்தம், இந்த நிமிஷமே. பழைய ஜெர்மன்ல 'சான்'. அங்கேயும் உடனேதான்."

"அப்புறம் ஏன் மாறித்து?"

"மனுஷா புத்தி. உடனேன்னு சொல்லிட்டு ஒருத்தனும் செய்யலை. சொல்லிச் சொல்லியே அந்த வார்த்தைக்கு மதிப்பு போயிடுத்து. 'அனான்'னு (anon) இன்னொரு இங்கிலீஷ் வார்த்தை, அதுக்கும் உடனேன்னுதான் அர்த்தம், அதுவும் இப்படித்தான் கெட்டுது."

அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. 'வாக்குத் தவறிய ஜனங்கள்' என்று தட்டி, அடிக்கோடும் போட்டார்.

"ஏன்னா, தூறல் போடறது. எழுந்திருங்கோ."

"இதோ, கடைசி வரி."

கடைசி வரி நன்றாகவே வந்தது. ஒருமுறை வாய்விட்டுப் படித்து ரசித்துவிட்டு, பேனாவோடு வாசலுக்கு வந்தார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஐயாவு இல்லை.

"அஞ்சு நிமிஷம் பொறுக்க முடியலையா இந்த மனுஷனுக்கு?"

"அஞ்சு நிமிஷமா? முக்கால் மணி நேரம் நின்னார்" என்ற பர்வதம், குடையை அவர் கையில் திணித்தாள்.

தெருக்கோடியில் ஐயாவும் அவர் மனைவியும் தார்ப்பாயை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தார்ப்பாய்க்கு அடியிலேயே தண்ணீர் ஓடியது. நெல் அதோடு வாய்க்காலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"பேப்பரைக் குடு ஐயாவு, உடனே போட்டுடறேன்" என்றார் பஞ்சாபகேசன் மூச்சு வாங்க.

ஐயாவு ஒரு கை நெல்லை அள்ளிப் பிழிந்து பார்த்தார். குரலில் கோபமே இல்லை.

"அவசரமில்லீங்க சார். அடுத்த வெள்ளாமைக்குப் போட்டாப் போதும்."