மதகு டீச்சர்

பதினேழாம் கேள்விக்கு முட்டை. காலையிலிருந்து இது பதினொன்றாவது முட்டை.

விடைத்தாள் திருத்தும் கூடத்தில் நாற்பது மேசைகள். மேசைக்கு ஒரு ஆசிரியர், ஒரு சிவப்புப் பேனா, ஒரு கட்டு. மேலே மின்விசிறி சுற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

இந்த வருடம் தன்னால் வர முடியாது என்று வரலாற்று டீச்சர் காரணத்தோடு எழுதிக் கொடுத்திருந்தாள். ஆறு வருடமாகக் காலியிடங்களை நிரப்பாத துறை, ஆள் இல்லை, வந்துதான் ஆக வேண்டும் என்று பதில் போட்டுவிட்டது. அவரவர் பள்ளித் தாள் அவரவர் கைக்குப் போகக் கூடாது என்கிற விதியும் அதே ஆள் பஞ்சத்தில் காணாமல் போனது.

பெயரும் எண்ணும் உள்ள மேல்சீட்டைக் கிழித்துவிட்டுத்தான் தாளைத் தருவார்கள். ஆனாலும் முதல் தாளிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இது அவளுடைய வகுப்பு.

கேள்வி இதுதான்: ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அணைக்குக் கீழே இருந்த குடியிருப்பு வெள்ளத்தில் அழிந்ததற்குக் காரணம் என்ன? ஐந்து மதிப்பெண்.

இதுவரை திருத்திய பதினொரு தாளிலும் பிள்ளைகள் ஒரே வாக்கியத்தில் தொடங்கியிருந்தார்கள். ‘மழை கொல்லவில்லை, சொல்லாமல் திறந்த மதகு கொன்றது.’

அது அவள் வாக்கியம்.

பழைய பாடப் புத்தகத்தில் மதகு இருந்தது. அன்றைக்கு மதகைத் திறக்கச் சொன்ன அமைச்சர் இன்றைக்கு நாட்டுக்கே தலைவர். அதனால் புதிய புத்தகத்தில் மழை மட்டும் பெய்தது. அன்று முதல் பக்கம் முழுக்க மதகைப் பற்றியே எழுதிய நாளிதழ், போன மாதம் நினைவு நாளன்று மழையைத் திட்டித் தலையங்கம் எழுதியது.

அவள் மட்டும் வகுப்புக் கதவைச் சாத்திவிட்டு அந்த வாக்கியத்தைச் சொல்லி எழுத வைத்தாள். பிள்ளைகள் அவளுக்கு மதகு டீச்சர் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். வெளியே முகத்தைச் சுளித்தாலும் உள்ளுக்குள் அவளுக்கு உச்சி குளிர்ந்துதான் போனது.

நேற்று சாயங்காலம் விடைக்குறிப்பில் ஒரு வரி கூடுதலாக வந்தது. மதகு என்று எழுதியிருந்தால் மதிப்பெண் கிடையாது.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பார்கள். இங்கே தின்றவர் ஒருவர், குடிப்பது பதினைந்து வயதுப் பிள்ளைகள்.

பன்னிரண்டாவது தாளை எடுத்தாள். சாய்ந்த எழுத்து, வரி வரியாகக் கீழே சரிந்துகொண்டே போகும் எழுத்து. அது யாருடையது என்று யோசிக்கவே வேண்டியதில்லை. கடைசி பெஞ்சில் உட்காரும் லாரி டிரைவர் மகள்.

வாக்கியத்துக்குக் கீழே அந்தப் பெண் ஒரு வரி சேர்த்திருந்தாள். ‘அதில் எங்கள் வீட்டிலும் ஒருவர் போனார்.’

அண்ணன்.

மற்ற கேள்விகளைக் கூட்டினால் முப்பத்திரண்டு. தேற முப்பத்தைந்து வேண்டும். தேறாவிட்டால் தையல் ஆலைக்கு அனுப்பிவிடுவேன் என்று அவளுடைய அப்பா பள்ளிக்கே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

டீச்சர் பேனாவை மூடினாள். திறந்தாள். பிறகு தலைமைத் தேர்வாளரைக் கூப்பிட்டு, மூன்று மதிப்பெண்ணாவது போடலாமா என்று கேட்டாள்.

அவர் கட்டைப் புரட்டிப் பார்த்தார். அவசரமே இல்லாமல் பார்த்தார்.

“போட்டா, கட்டு முழுக்க ஒரே வாக்கியம் எப்படி வந்துச்சுன்னு மேல கேப்பாங்க டீச்சர். சொல்லிக் குடுத்தது யாருன்னும் கேப்பாங்க.”

கேட்டால் நான்தான் என்று சொல்வேன், வேலை போனால் போகட்டும் என்று ஆசிரியர் அறையில் எத்தனையோ முறை மார்தட்டியிருக்கிறாள்.

பன்னிரண்டாவது முட்டையைப் போட்டாள். வட்டம் சுத்தமாக வந்தது. அதுதான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அதன் பிறகு மனசுக்குள் ஒருவரையும் அவள் விட்டுவைக்கவில்லை. தலைவர், துறை, நாளிதழ், எதிரே நிற்கிற இந்த மனிதர், எல்லோரையும் விளங்காமல் போவீர்கள் என்று சபித்துக்கொண்டே முட்டை முட்டையாகப் போட்டாள்.

பத்தொன்பதாவது தாளில் மதகு இல்லை.

‘வரலாறு காணாத மழையே பேரழிவுக்குக் காரணம்’ என்று தொடங்கி, புதிய புத்தகத்தின் பத்தி ஒரு புள்ளி பிசகாமல் இருந்தது. முத்து முத்தான எழுத்து. ஐந்துக்கு ஐந்து போட்டாள்.

தலைமைத் தேர்வாளர் குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

“பொழைக்கத் தெரிஞ்ச புள்ள. யார் பெத்ததோ, நல்லா இருக்கட்டும்.”

அவள் தலையாட்டினாள். தாளின் ஓரத்தில் கையெழுத்துப் போட்டாள்.

யார் பெத்தது என்று அவளுக்குத் தெரியாதா?

தேர்வுக்கு முதல் நாள் அந்தப் பத்தியை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஐந்து முறை எழுத வைத்தவளே அவள்தான். வகுப்பில் சொன்னது வகுப்போடு இருக்கட்டும், நீ புத்தகத்தில் உள்ளதை எழுது என்று சொன்னவளும் அவள்தான்.

மகள் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தி, “அப்ப மத்தவங்க, அம்மா?” என்று கேட்டாள்.

அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போனாள்.

அன்றைக்கு அவள் அடுப்பையே பற்றவைத்திருக்கவில்லை.