முள் அடைப்பு

மாதம் ஒரு ஞாயிறு காட்டுப் பாதைகளில் புதர் வெட்டிச் சீராக்கும் மலையேற்றக் குழுவுக்கு அன்று ஒரு பாதையை மூடுகிற வேலை. போன மழைக்காலத்தில் அதில் தனியாகப் போன தேவசகாயம் திரும்பி வரவில்லை. தேடிப் போனவர்களுக்கு அவருடைய தொப்பிகூட அகப்படவில்லை.

வேண்டாம் என்று சொல்லியும் அவர் மனைவி ரோஸ்லின் கூடவே ஏறி வந்துவிட்டாள். குழுத்தலைவன் இளங்கீரன் பாதையின் வாயில் குறுக்கே போட்ட முள்கிளைகளை அவள் உள்ளே போய் நின்று ஒவ்வொன்றாகத் திருப்பினாள். முள் வெளியே பார்த்தது, கிளையின் அடி உள்பக்கம் இருந்தது.

“அடி நம்ம பக்கம் இருந்தாத்தான்க்கா பின்னாடி எடுக்க வசதி.”

“நாம எதுக்கு எடுக்கப் போறோம்?”

இளங்கீரன் கையிலிருந்த கிளையை முள் பக்கமாகப் பிடித்து, அடியை அவளிடம் நீட்டினான். அடைப்பு மார்பளவுக்கு உயர்ந்தது.

“போதும்க்கா. மழை இறங்குது, வெளிய வாங்க.”

காதில் விழாதவள்போல அவள் ஒரு கிளையின் அடியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். சுலபமாக வந்தது. திரும்ப வைத்தாள். கொஞ்சம் யோசித்தாள். அவருக்கு வலக்கை ஒடிந்திருந்தால்?

இடக்கையால் இழுத்துப் பார்த்தாள்.