சௌமியா வரைந்த மேப்

“இது உன் கையெழுத்துதானம்மா?”

மீனவக் குப்பத்துத் தலைவர் செங்குட்டுவன் நீட்டிய காகிதத்தைச் சௌமியா வாங்கிப் பார்த்தாள். அம்மன் கோயில் வாசலில் குப்பத்து ஆண்கள் மொத்தமும் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் அவரவர் வீட்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். கல்யாணத்துக்குக்கூட இங்கே இவ்வளவு கூட்டம் சேராது.

“என்னுதுதான் மாமா.”

அது எண்ணூர் கழிமுகத்தின் மேப். ஐ.ஏ.எஸ். தேர்வுக்கு அவள் ஜாக்ரஃபியை விருப்பப் பாடமாக எடுத்திருந்தாள். மெயின்ஸுக்கு இன்னும் நாற்பது நாள்தான். சொந்த ஊரை உதாரணம் காட்டிப் படம் போட்டால் நாலு மார்க் கூட விழும் என்று, எங்கே ஆழம், எங்கே மேடு, எந்தக் குழியில் இறால் தங்கும் என்பதையெல்லாம் அப்பா கருணாகரனிடம் கேட்டுக் கேட்டு நோட்டில் வரைந்திருந்தாள்.

அதன் நகல்தான் நேற்று ஒரு கம்பெனியின் சர்வே ஆட்கள் கையில் இருந்தது. பைப் பதிக்க ஆழமான இடமாகத் தேடி, இறால் குழி ஒவ்வொன்றிலும் பிசகாமல் சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். படகில் போய் மறித்த குப்பத்துக்காரர்கள், அவர்கள் கையிலிருந்து அதைப் பிடுங்கி வந்திருந்தார்கள்.

“நம்ம தண்ணிக்குள்ள இன்னா கீதுன்னு வெளியாளுக்கு எப்டிமா தெரியும்? யார்கிட்ட குடுத்த?”

“கம்பெனிக்காரன் யாரையும் எனக்குத் தெரியாது மாமா. படிக்கறதுக்கு வரைஞ்சது.”

“நோட்டு உங்க வூட்டத் தாண்டிப் போவலியே?”

 போன மாதம் ராயபுரத்துத் தோழி தஹ்சீன் அந்த நோட்டை இரண்டு நாள் வாங்கிப் போயிருந்தாள். இருவருக்கும் ஒரே பாடம், ஒரே லைப்ரரி, மத்தியானம் பங்கு போடுவது ஒரே டிபன் பாக்ஸ். அவளா இப்படிச் செய்தாள்? பேரைச் சொன்னால் இந்த நிமிஷமே தப்பிக்கலாம், ஆனால் சொல்ல மனசு வரவில்லை.

காகிதம் கை மாறிக் கை மாறிக் கூட்டத்தைச் சுற்றி வந்தது. ஆளாளுக்கு முறைத்துப் பார்த்தார்கள். கருணாகரன் மட்டும் அதைக் கண்ணெடுத்தும் பார்க்காமல் பக்கத்து ஆளிடம் தள்ளிவிட்டார். என் மேல் அவ்வளவு நம்பிக்கையா என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

“சரி, கற்பூரம் ஏத்துங்க,” என்றார் தலைவர். “நோட்ட யார் கையிலயும் குடுக்கலன்னு கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணுமா. அதுக்கப்புறம் பேச்சே கெடையாது. பண்ணலன்னா, உங்க வூட்டுக்கு இந்த வருசம் பாடு கெடையாது.”

கழிமுகத்தில் எந்த வீடு எந்த நாள் எந்த இடத்தில் வலை போடலாம் என்று முறை வைத்திருக்கிறார்கள். அதுதான் பாடு. அது போனால் கருணாகரன் அடுத்தவர் படகில் கூலிக்குத்தான் ஏற வேண்டும். இந்த வயசில் அவரை யார் ஏற்றுவார்கள்?

கற்பூரம் எரிந்தது. சௌமியா கையை நீட்டினாள். தஹ்சீனிடம் நோட்டைக் கொடுத்துவிட்டு அம்மன் முன்னால் இல்லையென்று எப்படிச் சொல்வது? 

“வாணாம்!” கருணாகரன் எழுந்தார். “எம் பொண்ணு சத்தியம் பண்ண வாணாம். எங்க வூட்டுப் பாடு போனாப் போவட்டும்.”

“யோவ் கருணா, ரோசிச்சுப் பேசு. சத்தியம் பண்ணலன்னா உம் பொண்ணுதான் குப்பத்தக் காட்டிக் குடுத்தான்னு ஆயிடும்,” என்றார் தலைவர்.

கருணாகரன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். சௌமியா தலை குனிந்து பின்னாலேயே போனாள். “படிச்ச புள்ள பண்ற வேலையா இது, தூ!” என்று யாரோ அவள் காதுபடவே சொன்னார்கள்.

படகுகள் நிறுத்தியிருந்த இடத்துக்கு வந்ததும் அவளால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. போனை எடுத்தாள்.

“சொல்லுடி, பேப்பர் டூ ரிவிஷன் முடிச்சிட்டியா?” தஹ்சீனின் சிரித்த குரலைக் கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது.

“என் மேப்ப கம்பெனிக்காரனுக்குக் குடுத்தியே, உனக்கு இன்னாடி கெடைச்சுது? எங்க நைனா பாடே பூட்சு. உன்ன நம்பி நோட்ட குடுத்தேன் பாரு, என்னச் சொல்லணும்!”

“எந்தக் கம்பெனிடி? அல்லா மேல ஆணையா எனக்கு ஒண்ணும்...” மறுமுனையில் குரல் உடைந்து அழுகை வந்தது.

“ஐயோ, நடிக்காத. இனிமே என் மூஞ்சிலயே முழிக்காத.” போனைத் துண்டித்தாள். மூன்று வருஷச் சிநேகம் மூன்றே பேச்சில் முடிந்துவிட்டது. அவளுக்கும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

கருணாகரன் படகு ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“அந்தப் பொண்ணத் திட்டாதம்மா.”

“பின்ன யார நைனா திட்டறது? அவளத் தவிர அந்த நோட்டு யார் கையிலயும் போவலியே!”

 மகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் மணலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“டீக்கடையில உன் நோட்டப் பெருமையாக் காட்டிக்கினு இருந்தேன். ஒரு ஆபீசர் பார்த்துட்டு, ‘இத வரைஞ்ச பொண்ணு கலெக்டரே ஆயிடும்’னாரும்மா... ஜெராக்ஸ் எடுக்க நாந்தான் குடுத்தேன்.”