மேலே ஊருக்கு

அவள் கைபேசியை எடுத்தாள். இதற்கு மேல் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

அப்பாவின் காடாற்று முடிந்து சொந்தக்காரர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டுச் செண்பகவடிவு அத்தை மட்டும் உட்கார்ந்து, சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வாசலையே பாத்துக்கிட்டு கெடந்தாரும்மா. எம்மக வந்துருவா, வந்துருவான்னு."

அப்பா வரச் சொல்லவே இல்லையே.

சொல்வதென்றால் மின்னஞ்சலில்தான் சொல்லியிருக்க வேண்டும். அவருக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது. போனில் பேச முடியாது.

அவள்தான் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்துப் பழக்கினாள். ஆனால் தந்தி ஆபீசில் காலம் தள்ளிய மனிதர். பழக்கம் எங்கே போகும்? சொல்ல வேண்டியதை நாலு வார்த்தையில் தலைப்பிலேயே அடித்துவிடுவார். உள்ளே வெறும் வெள்ளை.

திறந்து பார்த்து அலுத்துப்போய், திறப்பதையே விட்டுவிட்டாள். தலைப்பைப் படித்தால் தீர்ந்தது.

ஒருநாள் 'மூலம். ரத்தம் போகிறது' என்று வந்தது. பெங்களூர் ஆபீசில் பக்கத்து இருக்கைக்காரன் அவள் திரையைப் பார்த்துச் சிரித்துவிட்டான். அவளுக்கு மானம் போயிற்று.

'தலைப்பில் இதெல்லாம் எழுதாதீர்கள் அப்பா. எல்லோரும் பார்க்கிறார்கள்.' அன்றே எழுதிப் போட்டாள்.

'சரி' என்று வந்தது. அதுவும் தலைப்பில்தான்.

பிறகு எப்போதும் ஒரே தலைப்பு. 'நலம். கவலை வேண்டாம்.'

வாரம் தவறாமல் வந்தது. அவளும் வாரம் தவறாமல் நிம்மதியாக இருந்தாள். பதில் போட அதில் என்ன இருக்கிறது?

"இங்க பாருங்க அத்தை. சாகறதுக்கு முந்தின நாள் அவரே எழுதினது."

அத்தைக்குப் படிக்கத் தெரியாது. அவர் எழுதியது என்றதும் கண் கலங்கி, அந்த வரியை விரலால் தடவினாள்.

அது திறந்துகொண்டது.

உள்ளே வெள்ளையாக இல்லை.

'ஜுரம் விடவில்லை. பயமாக இருக்கிறது. உடனே வா.'

அவள் முந்தைய வாரத்து நலத்தைத் தொட்டாள்.

'பதில் இல்லை. வேலை அதிகமோ.'

கீழே, கீழே போனாள். எல்லாம் நலம். எல்லாம் திறக்காதவை. 'சரி' என்று வந்ததற்கு அடுத்து வந்த முதல் நலத்தைத் திறந்தாள்.

'நீ சொன்னபடியே. மேலே ஊருக்கு. உள்ளே உனக்கு.'

வாய்விட்டு அழவேண்டும் போலிருந்தது. அழுகை வரவில்லை.

"என்னம்மா எழுதிருக்காரு?"

அவள் கைபேசியைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நலம்னு எழுதியிருக்காரு அத்தை. கவலை வேண்டாமாம்."