படகு பார்க்கும் சனிக்கிழமை

“இந்த வருசமும் படகு பாக்கப் போறியளோ?”

புஸ்பவதி கேட்டபோது அவள் கணவர் ஸ்ரீஸ்கந்தராஜா சப்பாத்துக்குள் காலைத் திணித்துக்கொண்டிருந்தார். கிழமை முழுக்க ஆஸ்பத்திரிக் குசினியில் சமையலுக்கு நின்ற கால். வீங்கியிருந்தது.

“ஓம். ப்ரூக்மன் கீழை பாத்துக்கொண்டு நிக்கிறார்.”

“இண்டைக்கு எங்கடை தமிழ் மண்டபத்திலை பொங்கல் விழா. ஒவ்வொரு வருசமும் நான் தனியத்தான் போறன். ‘அண்ணை எங்கை அக்கா?’ எண்டு கேக்கிற சனத்துக்கு என்ன சொல்லுறது? படகு வாங்கப் போட்டார் எண்டோ?”

அவர் மற்றச் சப்பாத்தை எடுத்தார். ஜெர்மனியில் கெல்சென்கிர்ச்சன் நகரில் மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கிற மனிதர். வீட்டில் ஒரு குளியல் தொட்டிகூடக் கிடையாது. இவருக்குப் படகு!

ப்ரூக்மன் கீழ்வீட்டு ஜெர்மன்காரர். காலமெல்லாம் பால்டிக் கடலில் பாய்மரப் படகு ஓட்டியவர். ஒரு மார்கழியில் மனைவி இறந்துபோக, படகை விற்றுவிட்டார். அடுத்து வந்த தை மாதத்தில் தொடங்கியதுதான் இந்தக் கூத்து. டுசில்டோர்பில் குளிர்காலப் படகுக் கண்காட்சி என்றால் இரண்டு பேரும் காலையில் ரயில் ஏறுவார்கள். இருட்டிய பிறகு, அடித்துப்போட்டதுபோல வந்து விழுவார்கள்.

“நானும் வாறன்,” என்றாள் புஸ்பவதி.

மண்டபத்தில் பொங்கல் புக்கை பரிமாறுவது எப்போதும் அவள்தான். வந்த ஒருவரும் வெறும் வயிற்றோடு போகக்கூடாது என்பதில் அவளுக்கு ஒரு பெருமை உண்டு. அந்த வேலையை, கூடப் பரிமாறும் பிரபாலினியிடம் போனில் ஒப்படைத்துவிட்டு, விழாவுக்கு உடுத்திருந்த சேலைக்கு மேலேயே குளிர்க்கோட்டை மாட்டினாள். இன்றோடு இதற்கு ஒரு முடிவு கட்டிவிடுவது என்றுதான் கிளம்பினாள்.

கண்காட்சியில் மண்டபத்துக்கு அடுத்து மண்டபம். எங்கே பார்த்தாலும் தண்ணீரைக் காணாத படகுகள். ஒவ்வொன்றிலும் ஏறுவதற்கு வரிசை. ஏறுமுன் சப்பாத்தைக் கழற்றவேண்டும், இறங்கியதும் மாட்டவேண்டும்.

ஸ்ரீஸ்கந்தராஜா கழற்றினார், மாட்டினார். மறுபடி கழற்றினார். வீங்கிய கால் உள்ளே போகாமல் அடம்பிடித்தது.

“இந்தப் பாய் காற்றுக்குக் கிழியாதா?” என்று ஜெர்மனில் கேட்டார்.

“கிழியாது,” என்றார் ப்ரூக்மன்.

“அப்படியா! நல்லது.”

கிழவர் அந்தப் பக்கம் திரும்பியதும் இவர் கொட்டாவி விட்டார். புஸ்பவதி அதைக் கண்டுவிட்டாள்.

மத்தியானத்துக்குப் பிறகு ஸ்ரீஸ்கந்தராஜா கோப்பி வாங்கப் போனார். ப்ரூக்மன் ஒரு நீள வாங்கில் பொத்தென்று உட்கார்ந்தார். இதுதான் சமயம் என்று அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். தெரிந்த ஜெர்மனில் நேராகவே கேட்டாள்.

“ஹெர் ப்ரூக்மன், உண்மையைச் சொல்லுங்கள். பாய்மரப் படகு ஓட்டுகிறவர்கள் இங்கே வருவதில் ஏதாவது பிரயோசனம் உண்டா?”

“படகு வைத்திருப்பவனுக்கு உண்டு. கயிறு, சாமான் பார்த்து வாங்கலாம். பழைய சிநேகிதர்களைக் காணலாம். வெளியே பனி கொட்டும்போது கோடைகாலத்துக்குத் திட்டம் போடலாம்.” கிழவர் முழங்காலைத் தடவினார். “படகை விற்றவனுக்கு என்ன இருக்கிறது? எதில் ஏறினாலும் என் மனைவி நிற்கிற மூலைதான் கண்ணில் படுகிறது. வீட்டுக்குப் போனால் இரண்டு நாளைக்கு நித்திரை வராது.”

“பிறகு ஏன் வருகிறீர்கள்?”

“உங்கள் கணவருக்காகத்தான்! என் மனைவி இறந்த அந்தக் குளிர்காலத்தில், மாடிப்படியில் வைத்துக் கேட்டார், ‘எனக்குப் படகுகள் பார்க்க ஆசை, கூட்டிக்கொண்டு போவீர்களா?’ என்று. அவ்வளவு ஆசையாகக் கேட்கிற மனிதரிடம் எப்படி மாட்டேன் என்பது?”

புஸ்பவதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊரில், குறிகட்டுவானில் வள்ளம் ஏறிப் பக்கத்திலிருக்கிற நயினாதீவு போய்ச் சேருவதற்குள் தலைசுற்றிச் சத்தி எடுத்த மனிதர் அவர். அவருக்குப் படகு பார்க்க ஆசையாம்!

“எனக்கென்றால் ஒரு மேசையும் ஒரு கோப்பை தேநீரும் போதும்,” என்றார் ப்ரூக்மன். “பேச ஒரு ஆள் இருந்தால் சரி. இதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள், பாவம், ஆசைப்படுகிறார்.”

தூரத்தில் ஸ்ரீஸ்கந்தராஜா மூன்று கோப்பிக் கோப்பைகளோடு நொண்டி நொண்டி வந்துகொண்டிருந்தார். புஸ்பவதி எழுந்து போய் வழியிலேயே மறித்தாள். 

“உங்களுக்கென்ன விசரே? அந்தாளுக்கு இதிலை ஒரு துளி விருப்பமும் இல்லை, உங்களுக்காகத்தான் வாறாராம். நீங்கள் அவருக்காக வாறியள். கால் வீங்க வீங்க ரெண்டு பேரும் எத்தினை வருசமாய் அலையிறியள்!”

அவர் பாரத்தை மற்றக் காலுக்கு மாற்றி நின்றார். கோப்பி ஆறிக்கொண்டிருந்தது.

“தனிச்சுப் போன மனுசனெண்டு இரக்கமெண்டால், முதல் வருசமே பொங்கலுக்கு வீட்டை கூப்பிட்டு ஒரு தட்டுப் புக்கை குடுத்திருக்கலாமே! அதுக்கு ஒரு படகுக் கண்காட்சியே வேணும்?”

ஸ்ரீஸ்கந்தராஜா அவளைப் பார்த்தார். கோபமில்லை, களைப்புத்தான்.

“முதல் வருசம் அதைத்தானே உன்னட்டைக் கேட்டனான். ‘செத்தவீட்டுத் துடக்கு ஆள், நல்லநாளும் அதுவுமா வீட்டுக்குள்ளை எடுக்கேலாது’ எண்டு நீதானே சொன்னனீ. அந்தாளை வேறை எங்கை நான் கூட்டிக்கொண்டு போறது, புஸ்பம்?”